மக்காவ் – இலங்கை, 2019: ஒரு ஆட்டம் மட்டுமே நடந்த தகுதிச்சுற்று – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 கால்பந்து உலகக்கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றின் முதல் வாரத்திலேயே ஒரு மோதல் பாதியில் நின்றுபோனது. மக்காவும் இலங்கையும் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும். ஒன்றுதான் நடந்தது. அதில் தோற்ற அணிதான் அடுத்த சுற்றுக்குப் போனது. "இலங்கை ஓசியில் ஜெயித்துவிட்டது" என்று ஒரு கட்சியும் "மக்காவ் பயந்து ஓடிவிட்டது" என்று ஒரு கட்சியும் இன்னும் பேசிக்கொண்டிருப்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

இது எந்தச் சுற்று? ஜப்பான், ஈரான் போன்ற அணிகள் ஏன் இதில் இல்லை?

ஆசியாவிலிருந்து 46 அணிகள் தகுதிச்சுற்றில் பதிவு செய்திருந்தன. தரவரிசையில் முதல் 34 இடங்களில் இருந்தவை நேராக இரண்டாம் சுற்றுக்குப் போய்விட்டன. கடைசி 12 அணிகள் ஆறு ஜோடிகளாகப் பிரிந்து முதல் சுற்று ஆட வேண்டும். ஜோடிக்கு இரண்டு ஆட்டம், உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று. இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்த்து வெற்றியாளரை முடிவு செய்வார்கள்.

குலுக்கல் 2019 ஏப்ரல் 17 அன்று கோலாலம்பூரில் நடந்தது. மங்கோலியா–புருணை, லாவோஸ்–வங்கதேசம், மலேசியா–கிழக்குத் திமோர், கம்போடியா–பாகிஸ்தான், பூட்டான்–குவாம், மக்காவ்–இலங்கை என்று ஜோடிகள் அமைந்தன. அப்போது மக்காவ் உலகத் தரவரிசையில் 183, இலங்கை 202. அந்தப் பன்னிரண்டு அணிகளில் கடைசி இலங்கைதான்.

மக்காவ் ஒரு நாடே இல்லையே, எப்படி ஆடுகிறது?

ஹாங்காங் ஆடுவது போலத்தான். போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த மக்காவ் 1999 டிசம்பரில் சீனாவின் கீழ் வந்தது. ஆனால் அதன் கால்பந்துச் சங்கம் அதற்கு முன்பே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் தனி உறுப்பினர், அந்த உரிமை அப்படியே தொடர்கிறது. சுமார் ஏழு லட்சம் மக்கள், சூதாட்ட விடுதிகளால் நிறைந்த நகரம். அணியில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கால்பந்து முழுநேரத் தொழில் இல்லை.

இந்திய ரசிகர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. 2017 செப்டம்பரில் இந்தியா மக்காவுக்குப் போய் 2–0 என்று வென்றது. அடுத்த மாதம் பெங்களூரில் 4–1 என்று வென்று 2019 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

ஜெயித்தாலும் உலகக்கோப்பைக்குப் போகப்போவதில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி நியாயமானது. கத்தாருக்குப் போகப்போகிறோம் என்று இரண்டு அணியிலும் யாரும் கனவு காணவில்லை. அவர்கள் போட்டியிட்டது நாட்காட்டிக்காக. முதல் சுற்றைத் தாண்டும் அணிக்கு, ஐந்து அணிகள் கொண்ட குழுவில் எட்டு ஆட்டங்கள் உறுதி. நான்கு சொந்த மண்ணில், நான்கு வெளியே. எதிரில் வருவது தென்கொரியாவாக இருக்கலாம், ஜப்பானாக இருக்கலாம். தொலைக்காட்சி, விளம்பரம், பயிற்சி முகாம், வீரனுக்கு வெளிநாட்டு கிளப்பில் இடம் கிடைக்கும் வாய்ப்பு எல்லாம் அந்த எட்டு ஆட்டங்களைச் சுற்றித்தான் வரும். அதே சுற்றுதான் அடுத்த ஆசியக் கோப்பைக்கும் தகுதிச்சுற்று.

தோற்ற அணிக்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. சாலிடாரிட்டி கோப்பை என்று ஒரு ஆறுதல் போட்டி இருந்தது. 2016-இல் மலேசியாவின் கூச்சிங்கில் நடந்த முதல் போட்டியின் இறுதியாட்டத்தில் மக்காவை வென்று நேபாளம் கோப்பையைப் பெற்றது. 2020-இல் நடக்கவிருந்த இரண்டாவது போட்டி கொரோனாவால் ரத்தானது.

ஆக ஜூன் மாதத்தின் இந்த இரண்டு ஆட்டங்களில்தான் ஒரு சிறிய அணியின் அடுத்த இரண்டு மூன்று வருடப் பிழைப்பே முடிவாகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது?

2019 ஜூன் 6. மக்காவின் "சொந்த மண்" ஆட்டம் எல்லையை ஒட்டிய சீன நகரமான ஜுஹாயில் நடந்தது. மக்காவ் 1–0 என்று வென்றது.

இந்த ஒற்றைக் கோலின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜூன் 11 அன்று கொழும்பு சுகததாச அரங்கில் இலங்கை 1–0 என்று வென்றால் சமநிலை, கூடுதல் நேரம். 2–0 என்றால் இலங்கை உள்ளே. ஆனால் கொழும்பில் மக்காவ் ஒரு கோல் போட்டுவிட்டால் நிலைமை தலைகீழ். மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற வெளிமைதான கோல் விதி அப்போது இருந்ததால் இலங்கை மூன்று கோல் போட்டாக வேண்டும். மொத்தத்தில் மக்காவின் கை சற்று ஓங்கியிருந்தது. ஆட்டம் எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலை.

மக்காவ் ஏன் கொழும்புக்கு வரவில்லை?

குலுக்கல் நடந்த நான்காம் நாள், ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் என்று தொடர் குண்டுவெடிப்பு. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்தது. மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு ஊரடங்கு போட வேண்டியிருந்தது.

வீரர்களின் பாதுகாப்புக்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது, ஆட்டத்தைப் பொது மைதானத்துக்கு மாற்றுங்கள் என்று மக்காவ் கால்பந்துச் சங்கம் கேட்டது. ஃபிஃபா ஏற்கவில்லை. அணியை அனுப்பப் போவதில்லை என்று சங்கம் அறிவித்தது. ஜூன் 11 அன்று சுகததாச அரங்கில் எதிரணி இல்லை.

அந்தப் பயம் நியாயம்தானே?

பயம் நியாயம். கொச்சிக்கடை ஆலயத்திலிருந்து சுகததாச அரங்கு அதிக தூரமில்லை. ஏழு வாரம் முன்புதான் அவ்வளவு பெரிய படுகொலை நடந்திருக்கிறது. பல நாடுகள் தங்கள் மக்களுக்குப் பயண எச்சரிக்கை விடுத்திருந்தன. இலங்கையர்களே அந்த வாரங்களில் கூட்டமான இடங்களுக்குப் போகத் தயங்கினார்கள். வெளிநாட்டு அணி தயங்கியதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் முடிவெடுத்த விதம் வேறு விஷயம். ஜுஹாயில் முதல் ஆட்டத்தை ஆடி முடித்து, 1–0 என்று கையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு வரமாட்டோம் என்பது இலங்கை அணிக்கும் அவமரியாதை, சொந்த வீரர்களுக்கும் துரோகம். குண்டு வெடித்தது ஏப்ரலில். போகக் கூடாது என்றால் அதை மே மாதமே முடிவு செய்து, விளையாட்டு வழக்குகளுக்கான நடுவர் மன்றம் வரை போய் வழக்காடியிருக்க வேண்டும். ஜூலை மாதம் வங்கதேசக் கிரிக்கெட் அணி கொழும்புக்கு வந்து மூன்று ஒருநாள் ஆட்டங்கள் ஆடியது. செப்டம்பரில் துர்க்மேனிஸ்தான், வடகொரியக் கால்பந்து அணிகள் வந்து ஆடிவிட்டுப் போயின.

பொது மைதானத்தில் ஆடியிருக்கலாமே? ஃபிஃபா பிடிவாதம் பிடித்ததா?

இந்தச் சர்ச்சையில் ஆற அமர யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான். மக்காவின் பக்கத்துக்குச் சாதகமான உதாரணமும் உண்டு, அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

நான்கு ஆண்டுக்கு முன், 2015 மார்ச்சில், இதே முதல் சுற்றில் பாகிஸ்தானும் யேமனும் மோதின. முதல் ஆட்டம் தோஹாவில், யேமன் 3–1 என்று வென்றது. இரண்டாவது ஆட்டம் மார்ச் 17 அன்று லாகூரில் நடக்க வேண்டும். மார்ச் 15 அன்று லாகூரில் இரண்டு தேவாலயங்களில் தற்கொலைத் தாக்குதல். ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 23 அன்று பஹ்ரைனில் நடந்தது. 0–0. யேமன் அடுத்த சுற்றுக்குப் போனது. யாரும் யாருக்கும் வாக் ஓவர் (ஆடாமலே வெற்றி) தரவில்லை.

2019-இலும் பாருங்கள். பாகிஸ்தான் தன் "சொந்த மண்" ஆட்டத்தைக் கம்போடியாவுக்கு எதிராகத் தோஹாவில் ஆடியது. கிழக்குத் திமோர் இரண்டு ஆட்டங்களையும் கோலாலம்பூரில் ஆடியது. மக்காவே தன் ஆட்டத்தை ஜுஹாயில்தான் ஆடியது. ஆறு ஜோடிகளில் பாதியில் யாரோ ஒருவர் தன் ஊரை விட்டு வெளியே ஆடியிருக்கிறார்கள்.

அப்படியிருக்க இலங்கைக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு இல்லை? லாகூரில் குண்டு வெடித்தது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன், கொழும்பில் ஏழு வாரம் முன். ஜூன் மாதத்துக்குள் சில நாடுகள் தங்கள் பயண எச்சரிக்கையைத் தளர்த்தத் தொடங்கியிருந்தன. இலங்கைச் சம்மேளனமும் பாதுகாப்பு தர முடியும் என்றது. உங்கள் நாட்டுக்கு வர முடியாது என்று ஒரு அணி சொன்னதும் மைதானத்தை மாற்றினால், நாளை எல்லா அணியும் அதையே சொல்லும். ஃபிஃபா அந்தக் கதவைத் திறக்க விரும்பாதது புரிகிறது. சொந்த மண்ணின் சாதகம் சிறிய அணிக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு அதே சுற்றில் சாட்சி இருக்கிறது: திம்புவின் மலைக்காற்றில் பூட்டானிடம் 1–0 என்று தோற்ற குவாம், ஊருக்குப் போனதும் 5–0 என்று திருப்பிக் கொடுத்தது.

என் கணிப்பில் ஃபிஃபாவின் முடிவு விதிப்படி சரி. இரண்டு வாரம் தள்ளிவைத்திருந்தால் விவேகமாகவும் இருந்திருக்கும்.

மக்காவ் வீரர்கள் என்ன நினைத்தார்கள்?

கொதித்தார்கள். கையில் வெற்றி, எதிரில் அந்தப் பன்னிரண்டில் கடைசி அணி. நாங்கள் போகத் தயார் என்று வீரர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். சங்கம் அசையவில்லை.

எதிர்ப்பைக் காட்ட அவர்கள் தேர்ந்தெடுத்த வழி உலகச் செய்தியானது. உள்ளூர்க் கோப்பைப் போட்டியில் ஹாங் சாய், கா ஐ என்ற இரண்டு கிளப்புகள் மோதிய ஆட்டம் 21–18 என்று முடிந்தது. அச்சுப் பிழை இல்லை. இரண்டு அணியும் வேண்டுமென்றே தடுக்காமல் மாறி மாறிக் கோல் போட்டுக்கொண்டே இருந்தன. ஆட்டத்துக்கே மதிப்பில்லை என்று நீங்கள் நினைத்தால் நாங்களும் அப்படியே ஆடுகிறோம் என்று சங்கத்துக்குச் சொன்ன சேதி அது. ஐந்து பக்கக் கடிதத்தைவிட ஒரு ஸ்கோர்போர்டு அதிகம் பேசிவிட்டது.

வராத ஆட்டத்துக்கு 3–0 என்று எப்படி எழுதுகிறார்கள்?

ஒரு அணி ஆட மறுத்தால் எதிரணிக்கு 3–0 வெற்றி என்பது ஃபிஃபாவின் ஒழுங்கு விதி. ஜூன் இறுதியில் அதன் ஒழுங்குக் குழு அப்படித்தான் தீர்ப்பளித்தது. மொத்தக் கணக்கு இலங்கை 3, மக்காவ் 1. கோல் அடித்தவர் பட்டியலில் பெயர் எதுவும் வராது.

அப்படியானால் இலங்கை ஓசியில்தான் ஜெயித்தது?

ஆடாமல் கிடைத்த வெற்றி என்பது உண்மை. ஆனால் குறுக்கு வழியில் வந்தது என்று சொல்வது அநியாயம். இலங்கை அணி ஜுஹாய்க்குப் போய் ஆடித் தோற்றது. ஜூன் 11-க்குத் தயாராக இருந்தது. நாட்டில் சாவு வீடுகள் இன்னும் அடங்காத காலத்தில் பயிற்சி செய்தார்கள். பயிற்சியாளர் நிஸாம் பக்கீர் அலி, கோல் காப்பாளர் சுஜான் பெரேரா இவர்களெல்லாம் அந்த ஆட்டத்தைத் திருப்பியிருப்பார்களா மாட்டார்களா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பு அவர்களிடமிருந்தும் பறிக்கப்பட்டதுதான்.

இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, இதைவிட விசித்திரமாகவும்.

1958 உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் துருக்கி, இந்தோனேசியா, எகிப்து, சூடான் எல்லாம் ஒவ்வொன்றாக விலகியதால் இஸ்ரேல் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் தகுதி பெறும் நிலை வந்தது. அப்படி யாரையும் அனுப்ப முடியாது என்று ஃபிஃபா வேல்ஸ் அணியைக் குலுக்கலில் எடுத்து எதிரில் நிறுத்தியது. வேல்ஸ் இரண்டு ஆட்டங்களிலும் 2–0 என்று வென்று உலகக்கோப்பைக்குப் போனது.

1973-இல் சிலியில் ராணுவப் புரட்சி நடந்தது. சந்தியாகோவின் தேசிய மைதானத்தையே ராணுவம் சிறைக்கூடமாக்கி ஆட்களை அடைத்து வதைத்தது. அங்கே ஆட மாட்டோம் என்று சோவியத் யூனியன் மறுத்தது. முதல் ஆட்டம் மாஸ்கோவில் 0–0 என்று முடிந்திருந்தது. நவம்பர் 21 அன்று சிலி வீரர்கள் மட்டும் களமிறங்கி, எதிரில் ஒருவரும் இல்லாத மைதானத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே போய் காலிக் கோலுக்குள் போட்டார்கள். அந்தக் கோலுக்குப் பிறகு சிலிக்கு வெற்றி கொடுக்கப்பட்டது. பார்க்க வந்தவர்களுக்காக பிரேசிலின் சான்டோஸ் கிளப்புடன் ஒரு ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். அதில் சிலி 5–0 என்று தோற்றது.

மாஸ்கோவின் மறுப்பில் ஒரு அரசியல் நிலைப்பாடு இருந்தது. மக்காவ் சங்கத்தின் மறுப்பில் அலுவலகக் கோப்பில் கையெழுத்துப் போடும் பயம்தான் தெரிகிறது.

இரண்டாம் சுற்றில் இலங்கை என்ன செய்தது?

தென்கொரியா, வடகொரியா, லெபனான், துர்க்மேனிஸ்தான் இருந்த எச் பிரிவு. 2019-இல் கொழும்பில் துர்க்மேனிஸ்தானிடம் 0–2, வடகொரியாவிடம் 0–1, லெபனானிடம் 0–3. தென்கொரியாவில் 0–8. அன்று கிம் ஷின்-வூக் மட்டும் நான்கு கோல். துர்க்மேனிஸ்தானில் 0–2.

பிறகு கொரோனா. மிச்ச ஆட்டங்களை 2021 ஜூனில் தென்கொரியாவின் கோயாங் நகரிலேயே வைத்தார்கள். அங்கே லெபனானிடம் 2–3, தென்கொரியாவிடம் 0–5. இதற்குள் வடகொரியா விலகிவிட்டதால் அதனுடன் ஆடிய ஆட்டமும் கணக்கிலிருந்து நீங்கியது. எண்ணிக்கையில் சேர்ந்த ஆறு ஆட்டங்களில் 23 கோல் வாங்கி, 2 கோல் போட்டு, புள்ளி இல்லாமல் கடைசி இடம்.

அந்த இரண்டு கோலையும் போட்டது யார்?

அஹமத் வசீம் ரசீக். பெர்லினில் பிறந்து யூனியன் பெர்லின் கிளப்பில் வளர்ந்தவர். லெபனானுக்கு எதிரான அந்த 2–3 ஆட்டத்தில் இரண்டும் அவருடையது. அந்த லெபனான் அணிதான் அடுத்த சுற்றுக்குப் போனது என்பதை நினைத்தால், ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது சாதாரணமில்லை. தரவரிசைக் கடைசியில் இருக்கும் அணிக்கு எட்டு ஆட்டங்கள் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான். 0–8-இல் தொடங்காமல் 2–3-க்கு வர முடியாது.

இந்தக் காலத்து இலங்கை அணியில் தமிழர் இருந்தார்களா?

இருந்தார்கள். வடக்கில், குறிப்பாக மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், உதைபந்தாட்டம் கிரிக்கெட்டைவிட ஆழமாக வேரூன்றியது. மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் அந்த ஆண்டுகளில் தேசிய அணியின் பின்வரிசையில் ஆடினார். மாலைதீவு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது 2022-இல் காலமானார்.

மக்காவுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வந்தது?

உலகக்கோப்பைத் தகுதி ஆட்டம் என்றால் 2023 அக்டோபரில், மியான்மருக்கு எதிராக. யாங்கோனில் 1–5, மக்காவில் 0–0. ஜுஹாயில் ஜெயித்த நாளிலிருந்து நான்கு ஆண்டுக்கு மேல். அன்று இருபத்தெட்டு வயதில் ஆடிய ஒரு வீரனுக்கு இது எந்த வயது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது விதிகள் மாறிவிட்டனவா?

சிறிய அணிகளுக்குச் சாதகமாகவே மாறியிருக்கின்றன. உலகக்கோப்பை 48 அணிகளாக விரிந்ததால் 2026-க்கான முதல் சுற்றில் 20 ஆசிய அணிகள் ஆடின. தோற்றவர்களைத் தெருவில் விடாமல், அடுத்த ஆசியக் கோப்பைக்கான தகுதிப் பாதையில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். 2019-இல் இந்த ஏற்பாடு இருந்திருந்தால், மக்காவ் வீரர்களுக்கு நேர்ந்த இழப்பு பாதியாகியிருக்கும்.

இலங்கையும் அந்தப் பாதையில் போனதா?

போனது, சுற்றி வளைத்து. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. அக்டோபரில் யேமனுடன் முதல் சுற்று. அந்நாட்டில் போர் என்பதால் யேமனின் "சொந்த மண்" ஆட்டம் சவூதி அரேபியாவில். அதில் 0–3, கொழும்பில் 1–1, வெளியேற்றம். 2024 செப்டம்பரில் ஆசியக் கோப்பைத் தகுதிக்கான பிளே-ஆஃபில் கம்போடியாவுடன் கொழும்பில் 0–0, நோம்பென்னில் 2–2, பிறகு பெனால்ட்டியில் வெற்றி. தாய்லாந்து, துர்க்மேனிஸ்தான், சீன தைபே (தைவான்) இருந்த பிரிவில் இடம் கிடைத்தது. அதே பிளே-ஆஃபில் மக்காவும் ஆடியது. இந்த முறை இரண்டு ஆட்டங்களிலும் களமிறங்கி, இரண்டிலும் புருணையிடம் தோற்றது.